நொண்டாமல் ஓடிய கரடி

ஒரு காட்டில், அதாவது எல்லோர் கைக்கும் கைப்பேசி வந்து சேர்ந்த பிறகு இருந்த ஒரு காட்டில், தேனப்பன் என்ற கரடி வாழ்ந்து வந்தது. பழைய கதைகளில் கரடிக்குப் பெயர் வைக்க மாட்டார்கள். இந்தக் கரடி ஒரு சங்கத்தில் உறுப்பினர். பெயர் இல்லாவிட்டால் சங்கத்தில் அடையாள அட்டை தர மாட்டார்கள். ஆகவே பெயர் உண்டு.

ஒரு காலத்தில் அந்தக் கரடிக்குக் காட்டில் நல்ல பெயர் கிடையாது. தேனைக் குடித்துவிட்டுப் புற்றோரம் உருண்டு கிடக்கும் சோம்பேறி என்றுதான் சொல்வார்கள். கல்யாண வீடுகளில் பந்தி நடக்கும்போது மட்டும் அதைத் தேடுவார்கள், அடுத்த பந்திக்குச் சோறு மிஞ்சுமா என்று கணக்குப் போட. ஒரு நாள் மேடு ஏறும்போது மூச்சு வாங்கி வழியில் நின்றுவிட்டது. பின்னால் வந்த ஆமை, கொஞ்சம் வழி விடுகிறீர்களா என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுத் தாண்டிப் போனது. அன்றைக்குக் கரடி வீட்டுக்கு வந்து அழுதது. மறுநாள் வைகறை ஓட்டச் சங்கத்தில் போய்ச் சேர்ந்தது.

சங்கத்தில் சேர்ந்தவர்கள் இரண்டு காலில்தான் ஓட வேண்டும். நாலு காலில் ஓடுவது காட்டுமிராண்டித்தனம் என்பது சங்கத்தின் கொள்கை. கரடிக்கு நாலு கால் ஆயிற்றே என்று இந்த இடத்தில் கேட்பவர்கள் கதையை இத்தோடு விட்டுவிடலாம், வருத்தமில்லை. விடியும் முன் ஆற்றங்கரையில் கூடுவார்கள், குன்றின் அடிவாரம் வரை ஓடுவார்கள், திரும்பி வந்து யானை நடத்தும் டீக்கடையில் உட்கார்ந்து, ஓடிக் கரைத்ததைப் போண்டா தின்று ஈடுகட்டுவார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து நின்று படம் எடுத்துக் கைப்பேசிக் குழுவில் போடுவார்கள். ஓடாமல் படத்துக்கு மட்டும் வருகிற உறுப்பினர்களும் உண்டு, அவர்கள்தான் படத்தில் முன்வரிசையில் நிற்பார்கள்.

கரடிக்கு ஓட்டம் பிடித்துப்போய்விட்டது. உடம்பு இளைத்தது என்பது இரண்டாம்பட்சம். ஓடும்போது மட்டும் யாராலும் தன்னைச் சோம்பேறி என்று சொல்ல முடியாது என்பதுதான் அதற்குச் சுகம். வருடம் ஒருமுறை பங்குனி மாதத்தில் சங்கத்தார் எல்லோரும் குன்றைச் சுற்றி ஓடுவார்கள். காடே திரண்டு வந்து பாதையோரம் நின்று பார்க்கும். அதில் சங்கக் கொடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடுவது பெரிய மரியாதை. அந்த வருடம் கொடி தேனப்பனுக்கு என்று முடிவானது. அதன் மனைவி அழகம்மை சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டது. ஆமைக்கு ஆள் அனுப்பியே சொன்னது.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, தலைவர் பிறந்தநாள் வரும்வரை.

சங்கத்துக்குத் தலைவர் ஒரு நரி. பெயர் நல்லசிவம். அது தன் பிறந்தநாளுக்கு உறுப்பினர் அனைவருக்கும் விலையில்லாமல் ஓட்ட ஷூ கொடுத்தது. மொத்தமாக வாங்கியதால் எல்லாம் ஒரே அளவு. தலைவருடைய அளவு. மேடையில் காட்டெருமை ஒன்று தன் ஜோடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது பற்றாது போலிருக்கிறதே என்று முனகியது. ஒலிபெருக்கியைப் பிடித்திருந்த காகம் அதைக் கேட்டுவிட்டது. "தலைவர் காலுக்குப் பொருந்துவது நம் காலுக்குப் பொருந்தாதா?" என்று அது ஒலிபெருக்கியிலேயே கேட்டது. கூட்டம் கைதட்டியது. கைதட்டிய பிறகு எதையும் மாற்றிக்கொள்ள முடியாது என்பது எந்தக் காட்டுக்கும் பொதுவான சட்டம். அன்றிலிருந்து அந்த அளவுக்குத் தலைவர் அளவு என்று பெயர் வந்தது. வேறு ஷூ போட்டு வருகிறவருக்குச் சங்கத்தில் இடமில்லை என்று தீர்மானமும் போட்டார்கள்.

கரடிக் கால் நரி ஷூவுக்குள் எப்படி நுழைந்தது என்று கேட்கலாம். மரியாதை இருந்தால் நுழையும். காட்டெருமைக் காலே நுழைந்தது.

கொஞ்ச நாளில் தேனப்பனுக்கு வலது பாதத்தின் முன்பக்கத்தில் வலி ஆரம்பித்தது. விரல்கள் பாதத்தோடு சேருகிற இடத்தில், அடிப்பக்கம், புளியங்கொட்டையை மிதித்தபடி நிற்பதுபோல ஓர் உறுத்தல். ஷூவைக் கழற்றி உதறிப் பார்த்தது. கொட்டை எதுவும் விழவில்லை. பிறகு அதே இடம் எரிய ஆரம்பித்தது. காலை ஊன்றித் தள்ளும்போதெல்லாம் நடு விரல்களில் சுரீர் என்றது. ஓட்டத்தின் நடுவே நாவல்மரத்து வளைவு வந்ததும் குனிந்து கயிறு கட்டுவதுபோலக் காலை ஷூவிலிருந்து பாதி உருவி வைத்துக்கொள்ளும். அப்பாடா என்று இருக்கும். பக்கத்தில் பார்த்தால் சங்கத்தில் பாதிப் பேர் அதே வளைவில் குனிந்து கயிறு கட்டிக்கொண்டிருப்பார்கள். தலைவர் கொடுத்த ஷூவில் கயிறு மட்டும் மட்டம் போல என்று கரடி நினைத்துக்கொண்டது.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் குழுவில் எழுதியது. "பாதத்தின் முன்பக்கம் லேசாக வலி. யாருக்காவது தெரியுமா?"

அந்தக் காட்டில் தண்ணீர் கேட்டால் யோசித்துத்தான் கொடுப்பார்கள். யோசனை கேட்டால் அள்ளிக் கொடுப்பார்கள். காட்டுப்பன்றி சேற்றில் காலைப் புதைக்கச் சொன்னது. குரங்கு முருங்கைக்கீரைச் சாற்றில் ஆரம்பித்து முருங்கைப் பிசினில் முடித்தது. ஆந்தை, வலி எந்தக் கிழமை தொடங்கியது என்று கேட்டு, சனிக்கிழமை என்று தெரிந்ததும் மேற்கொண்டு எதுவும் சொல்லாமல் வருத்தம் தெரிவித்தது. முள்ளம்பன்றி தன்னிடமே ஊசிகள் இருப்பதாகவும், பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் போதும் என்றும் சொன்னது. முயல், வலி என்பது மனதில் இருப்பது, அதைத் தாண்டி ஓடு என்று ஒரு சூரியோதயப் படத்தின் மேல் எழுதி அனுப்பியது. ஷூவைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

யோசனை சொல்வதோடு விட்டால் பரவாயில்லை. மறுநாள் ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கேட்பார்கள், போட்டீங்களா, இப்ப எப்படி இருக்கு என்று. போடவில்லை என்று சொன்னால் கோபம் வரும். போட்டேன், கேட்கவில்லை என்று சொன்னால் அதைவிடக் கோபம் வரும். ஆகவே கரடி எல்லோரிடமும், கொஞ்சம் பரவாயில்லை என்று சொல்லி வைத்தது. எல்லோரும் தங்கள் மருந்தால்தான் அது தேறி வருகிறது என்று நம்பினார்கள். கரடியோ வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தது.

அழகம்மை இரண்டு நாள் பார்த்தது. மூன்றாம் நாள், "சங்கத்துக்கு ஓடினது போதும், ஏரிக்கரை டாக்டர்கிட்டக் கொஞ்சம் நடங்க" என்று கிளப்பிவிட்டது.

ஏரிக்கரை டாக்டர் என்பது கொக்கு. பெயர் தவமணி. நாளெல்லாம் ஒற்றைக் காலில் நிற்பதால் கால் நோய்க்கு அதுதான் பெரிய டாக்டர் என்று காட்டில் பேச்சு. தவளையிடம் டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்தால், அங்கே தெரிந்த முகமாகவே இருந்தது. மூத்த ஓட்டக்காரரான செவத்தையா என்ற மிளாமான் ஒரு தாமரை இலையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தது. கொம்பு இலைக்கு மேலே தெரிந்தது. கரடி விசாரித்ததும், மைத்துனருக்கு உடம்பு சரியில்லை, பார்க்க வந்தேன் என்றது. மைத்துனரைக் காணோம். காட்டெருமை மீன் வாங்க வந்ததாகச் சொன்னது. காட்டெருமை எப்போது மீன் சாப்பிட ஆரம்பித்தது என்று கரடி கேட்கவில்லை. தன்னையும் ஒன்றும் கேட்காமல் இருந்தால் போதும் என்று இருந்தது.

டாக்டர் காலைப் பிடித்துப் பார்த்தது. விரல்களுக்கு நடுவே அலகால் லேசாக அழுத்தியது. கரடி துள்ளியது. பிறகு ஒரு வாழையிலையைத் தரையில் விரித்து, அதன் மேல் கரடியை நிற்கவைத்து, பாதத்தைச் சுற்றிக் கரியால் கோடு போட்டது. இறங்கச் சொல்லி, அந்தக் கோட்டின் மேல் ஷூவைத் தூக்கி வைத்தது. ஷூவின் இரண்டு பக்கமும் கோடு வெளியே நின்றது. முன்பக்கம் விரல்களின் கோடு முழுவதும் வெளியே இருந்தது.

"வியாதி உங்க கால்ல இல்ல. ஷூவுல இருக்கு" என்றது டாக்டர். "முன்னாடி அகலமா, விரல் விரிச்சுக்கிற மாதிரி ஒண்ணு போடுங்க. உள்ள மெத்துன்னு ஒரு திண்டு வைங்க. வலிக்கிற இடத்துல வைக்கக் கூடாது, அதுக்குக் கொஞ்சம் பின்னாடி, குதிகால் பக்கமா வைங்க. வலி அடங்குற வரைக்கும் ஓட்டம் வேண்டாம், ஏரியில நீந்துங்க. கெண்டைக்கால் இறுகிப்போயிருக்கு, மரத்துல கைய ஊனித் தினம் இழுத்து விடுங்க. அடங்கினப்புறம் புல்தரையில கொஞ்சம் கொஞ்சமா ஓடலாம். விரல் மரத்துப்போனாலோ வீங்கினாலோ உடனே வந்துடுங்க."

கரடி தலையைச் சொறிந்தது. ஷூவை மாற்றாமல் ஏதாவது செய்ய முடியுமா, ஊசி கீசி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டது. எல்லோரும் இதையேதான் கேட்கிறார்கள் என்று டாக்டர் சலித்துக்கொண்டது. எல்லோரும் என்றால் யார் யார் என்று கரடி கேட்டது. நோயாளி விஷயத்தை வெளியே சொல்வதில்லை என்று சொல்லிவிட்டு டாக்டர் காலை மாற்றி நின்றது.

வீட்டுக்கு வந்த கரடிக்குச் சோறு இறங்கவில்லை. ஷூவை மாற்றினால் சங்கத்தில் இடமில்லை, கொடியும் இல்லை. மாற்றாவிட்டால் கால் இல்லை, கால் இல்லாவிட்டால் ஓட்டம் இல்லை. ஓட்டம் போனால் மறுபடி புற்றோரம் உருண்டு கிடக்கும் பழைய தேனப்பன்தான். செருப்புக்காகக் காலை வெட்டுவார்களா என்று பழமொழி சொல்வார்கள். வெட்டுவார்கள். சங்கத்தில் சேர்ந்து பார்த்தால் தெரியும்.

அழகம்மை யாரையும் கேட்கவில்லை. ஆலம்பட்டையில் அடிப்பாகம் வெட்டியது, கமுகம்பாளையை ஊறவைத்து மேலே வளைத்துத் தைத்தது, இலவம்பஞ்சில் சின்னதாகத் திண்டு செய்து டாக்டர் சொன்ன இடத்தில் ஒட்டியது. முன்பக்கம் தவளை வாய் மாதிரி அகலமாக இருந்தது. பார்க்க அழகாக இல்லை. போட்டால் விரல்கள் ஒன்றையொன்று இடிக்காமல் படுத்தன. தூரத்துக் காட்டில் ஒன்றுவிட்ட அக்கா மகள் கல்யாணம், வர நாளாகும் என்று குழுவில் எழுதிவிட்டுக் கரடி ஏரியின் மறுகரையில் நீந்தியது. வேங்கைமரத்தில் கையை ஊன்றிக் கெண்டைக்காலை இழுத்துவிட்டது. முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. அதற்கு அடுத்த வாரம் புளியங்கொட்டை கடுகானது. பிறகு ஒரு காலையில் புல்வெளியில் மெதுவாக ஓடிப் பார்த்தது. வலி வருமென்று பல்லைக் கடித்துக்கொண்டே ஓடியது. வரவில்லை. இன்னும் கொஞ்சம் ஓடியது. அப்போதும் வரவில்லை. கரடி புல்லில் உட்கார்ந்து சந்தோஷத்தில் அழுதது. ஆமையிடம் தோற்ற அன்று அழுததைவிட அதிகம் அழுதது.

பங்குனி ஓட்டத்துக்குச் சில நாள் முன்பு கரடி ஆற்றங்கரைக்குத் திரும்பி வந்தது. அது மனதில் ஒரு கணக்குப் போட்டிருந்தது. தான் நன்றாக ஓடுவதை எல்லோரும் பார்ப்பார்கள், எப்படி என்று கேட்பார்கள், ஷூவைக் காட்டுவோம், எல்லோரும் மாற்றிக்கொள்வார்கள், காடே நலமாகும். பழைய நீதிக்கதைகளைப் படித்துக் கெட்டுப்போன கரடி அது.

அது இல்லாத நாள்களில் சங்கம் ரொம்ப மாறியிருந்தது. எல்லோருமே நொண்டினார்கள். யாரும் மறைக்கவும் இல்லை. முயல் குழுவில் போட்ட சூரியோதயங்கள் வேலை செய்திருந்தன. நொண்டுவது உழைப்பின் அடையாளம் என்று ஆகிவிட்டது. அதிகமாக நொண்டுகிறவர் அதிகமாக ஓடியவர். டீக்கடையில் அவருக்கு முதல் போண்டா. அந்தக் கூட்டத்தின் நடுவே தேனப்பன் தவளை வாய் ஷூவைப் போட்டுக்கொண்டு நேராக, வேகமாக, சிரித்த முகமாக ஓடியது.

ஒருவரும் எப்படி என்று கேட்கவில்லை. போண்டா தட்டைக் கரடி பக்கம் தள்ளாமலே சாப்பிட்டார்கள். முருங்கைப் பிசினால் தேறியது என்று நம்பியிருந்த குரங்கு, தன்னைக் கேட்காமல் எப்படிக் குணமாகலாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. சேறு சொன்ன பன்றிக்கும் ஊசி சொன்ன முள்ளம்பன்றிக்கும் அதே மனத்தாங்கல். மத்தியானம் சங்கத்திலிருந்து தகவல் வந்தது. வேறு ஷூ போட்டு வந்ததைக்கூட மன்னிக்கலாமாம். சக உறுப்பினர்கள் நொண்டும்போது நொண்டாமல் ஓடியது அவர்களை அவமதிக்கும் செயலாம். ஆகவே கொடி செவத்தையாவுக்கு.

அன்று சாயங்காலமே கரடி தலைவர் வீட்டுக்குப் போனது. வாசலில் ஆள் இல்லை. பின்பக்கமாகச் சுற்றிப் போனால், கிணற்றடியில் நரி உட்கார்ந்திருந்தது. இரண்டு காலையும் அண்டாவில் உப்புப் போட்ட வெந்நீரில் வைத்திருந்தது. பக்கத்தில் தலைவர் அளவு ஷூ கிடந்தது. நரியின் நடுவிரல்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன.

இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. நரி துண்டை எடுத்துக் காலை மூடியது. மூடிப் பயனில்லை என்று தெரிந்ததும் எடுத்துவிட்டது.

"உங்க அளவுதானே தலைவரே இது?" என்றது கரடி.

நரி நடந்ததைச் சொன்னது. கடையில் அளவு கேட்டார்களாம். சுற்றிலும் ஆள்கள் நின்றார்களாம். நரிக்கால் சின்னக்கால், வாகான கால் என்று ஒரு பேர் உண்டு. அதைக் காப்பாற்ற ஓர் அளவு குறைத்துச் சொல்லிவிட்டதாம். கடைக்காரன் அதே அளவில் மொத்தத்தையும் கட்டிவிட்டானாம். அதாவது காடு முழுவதும் காலைக் கெடுத்துக்கொண்டு போட்டுத் திரிந்த தலைவர் அளவு, தலைவருடைய அளவே இல்லை.

கரடிக்கு நரியின் மேல் கோபம் வந்திருக்க வேண்டும். பரிதாபம்தான் வந்தது. அந்த வலி எப்படிப்பட்டது என்று அதற்குத் தெரியும். மேடையில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், எல்லோரும் கழற்றிவிடுவார்கள், நீங்களும் கழற்றலாம், எல்லோருக்கும் நிம்மதி என்று கெஞ்சியது.

"கழட்டிடுவாங்க தேனப்பன்" என்றது நரி. "கழட்டினதும் அந்த ஷூ எங்க இருக்கும்? அவங்க கையில. எதிர்ல யார் நிப்பா? நான்."

கரடி கீழே கிடந்த ஷூவை எடுத்து ஓரமாக வைத்தது.

"ஒண்ணு செய்ங்க" என்று நரி தாழ்ந்த குரலில் சொன்னது. "நீங்க எந்த ஷூ வேணாலும் போட்டுக்கங்க, சங்கத்து வர்ணம் மட்டும் பூசிடுங்க. கொடியும் நீங்களே பிடிங்க. ஆனா நொண்டுங்க. நீங்க நொண்டாம ஓடினா, மத்தவங்க குனிஞ்சு அவங்கவங்க காலைப் பார்க்க ஆரம்பிச்சுடுவாங்க."

கரடி வீட்டுக்கு வந்து இதை அழகம்மையிடம் சொன்னது. இவ்வளவு பாடுபட்டுக் காலைச் சரி செய்துவிட்டு ஊருக்காக நொண்டுவதா, மானம் போகிறது என்று புலம்பியது.

"வலிச்சப்போ நொண்டாம இருக்க எவ்வளவு கஷ்டப்பட்டீங்க" என்றது அழகம்மை. "வலிக்காதப்போ நொண்டுறதுல என்ன கஷ்டம்? கொடியப் பிடிச்சுக்கிட்டு நொண்டுங்க. சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லியாச்சு."

பங்குனி ஓட்டத்தன்று காடு திரண்டு வந்தது. கொடியைப் பிடித்துக்கொண்டு தேனப்பன் முன்னால் நொண்டியது. முதலில் நன்றாகத்தான் நொண்டியது. பாதிக் குன்று தாண்டியதும் காற்று முகத்தில் அடித்தது, கால் லேசாக இருந்தது, நொண்டுவதை மறந்து நன்றாக ஓடிவிட்டது. கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. கரடி பதறி நொண்ட ஆரம்பித்தது. பதற்றத்தில் எந்தக் கால் என்பது மறந்துபோய் இடது காலை இழுத்தது.

"ஐயோ பாவம், வலி அடுத்த காலுக்கும் பரவிடுச்சு" என்றது கூட்டத்தில் ஒரு பெண்மயில்.

கைதட்டல் இரண்டு மடங்கானது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சாயங்காலம் மேடையில் கரடிக்கு மாலை போட்டு, இவ்வளவு வலியோடு எப்படி ஓடினீர்கள், இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்று காகம் ஒலிபெருக்கியை நீட்டியது. கரடி கூட்டத்தைப் பார்த்தது. முன்வரிசையில் செவத்தையா வீங்கிய காலை நீட்டிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டிய இடம் இதுதான். கரடி வாயைத் திறந்தது. எல்லாம் தலைவர் கொடுத்த ஷூவால் வந்தது என்று சொன்னது. பொய் என்றும் சொல்ல முடியாது. நரி எழுந்து நின்று கும்பிட்டது.

ஆனால் செவத்தையா முட்டாள் இல்லை. இரண்டு நாள் கழித்து அது கரடி வீட்டுக் கொல்லைப்பக்கம் வந்து, மைத்துனருக்கு ஒரு ஜோடி அகல ஷூ வேண்டும், அளவு என் கால் அளவுதான் என்றது. அழகம்மை வாழையிலையை விரித்துக் கோடு போட்டது. அடுத்து காட்டெருமை வந்தது, மாமனாருக்காக. பிறகு முயல் வந்தது, வலி மனதில்தான் இருக்கிறது, ஆனாலும் கைவசம் ஒரு ஜோடி இருக்கட்டும் என்று. எல்லோரும் வர்ணம் மட்டும் சரியாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். மழைக்காலம் முடிவதற்குள் சங்கத்தில் ஒருவருக்கும் கால் வலி இல்லை. ஆனால் எல்லோரும் நொண்டினார்கள். மற்றவர்களுக்கெல்லாம் உண்மையாகவே வலிக்கிறது, தான் ஒருவர்தான் நடிக்கிறோம் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டு, அந்தக் குற்ற உணர்ச்சியில் இன்னும் நன்றாக நொண்டினார்கள்.

நரி மட்டும் வரவில்லை. வாழையிலையில் ஏறி நின்றால் தலைவர் கால் எவ்வளவு என்று தெரிந்துவிடுமே. அது பழைய ஷூவிலேயே ஓடியது.

மறு வருடம் ஆண்டுவிழாவில் சிறந்த நொண்டலுக்குப் பரிசு வைத்தார்கள். காட்டெருமை உருண்டு விழுந்து எழுந்து நொண்டிக் காட்டியது. செவத்தையா கண்ணில் நீர் வர நொண்டியது. தேனப்பன் கால் மாற்றி நொண்டுவதில் பெயர் வாங்கியிருந்தது, அதற்குத் தனி விசில். கடைசியாக நரி வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, முகத்தில் எதுவும் காட்டாமல், வலியை மறைக்கப் பார்த்தபடி நாலு எட்டு வைத்தது. வலி உள்ளவர்கள் அப்படித்தான் நடப்பார்கள். நடுவர்களுக்கு அது பிடிக்கவில்லை. நொண்டலில் உயிர் இல்லை, தலைவருக்கு உறுப்பினர்களின் வேதனை புரியவில்லை என்று காகம் ஒலிபெருக்கியிலேயே சொல்லிவிட்டது. அந்தப் பேச்சு காட்டுத்தீயாகப் பரவி, மாதம் முடிவதற்குள் நரியின் பதவி போனது. தேனப்பன் தலைவரானது.

பதவி போன மறுநாள் நரி ஏரிக்கரைக்குப் போய் வரிசையில் உட்கார்ந்தது. இப்போது அதைப் பார்க்க யாருக்கும் அவசியம் இல்லாததால் முகத்தை மறைக்கவில்லை. ஷூவை மாற்றியது, திண்டு வைத்தது, நீந்தியது. சில மாதங்களில் அது ஈரப்புல்லில் வெறுங்காலோடு ஓடுவதைக் கண்டவர்கள் உண்டு.

ஓட்டத்துக்கும் மேடைக்கும் நொண்டினால் உறுப்பினருக்குப் போதும். தலைவர் எங்கே போனாலும் நொண்ட வேண்டும். கடைக்குப் போகும்போது, கல்யாணத்துக்குப் போகும்போது, சில சமயம் பழக்கதோஷத்தில் வீட்டுக்குள்ளும். உறுப்பினராக இருந்தபோது காலை மாற்றலாம், கைதட்டுவார்கள். தலைவருக்கு எந்தக் காலில் வலி என்பது சங்கத்தின் பொதுச்சொத்து, ஆகவே வலது கால் மட்டும்தான் என்று தீர்மானம் போட்டுவிட்டார்கள். ஒரே பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்ததில் கரடிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. குனிய முடியவில்லை, நிமிர முடியவில்லை, ஓட்டம் என்ற பேச்சே நின்றுபோனது. அழகம்மை கைத்தாங்கலாக ஏரிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு வந்தது.

டாக்டர் தவமணி பாதத்தைப் பார்த்தது. அருமையான பாதம் என்றது. இடுப்பை அழுத்திப் பார்த்தது.

"மருந்து ஒண்ணும் வேணாம்" என்றது. "நொண்டுறதை நிறுத்துங்க. ஒரு மாசத்துல பழையபடி ஓடலாம்."

கரடி ஏரியைப் பார்த்தது. மறுகரையில் நரி நீந்திக்கொண்டிருந்தது.

"அது முடியாதே டாக்டர்" என்றது. "அடுத்த மாசம் தேர்தல்."

நீதி: காலுக்கு ஏற்ற ஷூவைப் போடு, கூட்டத்துக்கு ஏற்றபடி நொண்டு. ஆனால் எந்தக் காலில் வலி என்பதைக் கடைசிவரை யாரிடமும் சொல்லிவிடாதே, மாற்றி மாற்றி நொண்டினால்தான் இடுப்பு மிஞ்சும்.